சோப்பில்லாமல் ஒரு டின்

"உனக்குத்தான் வீட்டில் கைக்குழந்தை இருக்கே. நீ பொய்கூடச் சொல்ல வேண்டாம், போ," என்றார் கஸ்தூரிரங்கன்.

தயாளன் வாடகைக் காரிலிருந்து இறங்கினான்.

கிழக்குத் தாம்பரம் கடைத்தெரு. எழுபத்திரண்டாம் வருஷத்துக் கத்திரி வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.

கஸ்தூரிரங்கன், வியாபார முறைகேடுகளை விசாரிக்கும் தில்லி ஏகபோக ஆணையத்தின் பெரிய பொருளாதார நிபுணர். அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் தயாளன் எம்.ஏ. தேறினான். ஆணையத்துக்குச் சென்னையில் இருந்தது ஒரு அறையும் தயாளனும்தான். அவனுடைய கல்யாணத்துக்கு அவர் தந்தி அடித்திருந்தார். மனைவியின் பிரசவத்துக்கென்று அவன் லீவு எழுதிப் போட்டதையும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்றுதான் நேரில் பார்க்கிறார்கள்.

குழந்தைகளுக்கான பால் மாவுக்கு ஊரெங்கும் தட்டுப்பாடு. பிள்ளை பிறக்கும் முன்பே, கண்ணில் படும் டின்னை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதுதான் சமயமென்று, டின்னோடு விலைபோகாத ஒரு சோப்பையும் வாங்கினால்தான் உண்டு என்றார்கள் கடைக்காரர்கள். சாம்பல் நிறச் சோப்பு. தேய்த்தால் நுரை வராது.

எல்லாருக்கும் தெரிந்த அக்கிரமம். ஆனால் சாட்சி இல்லை. டின்னும் சோப்பும் ஒரே பில்லில் இருக்க வேண்டும். காலையிலிருந்து ஏறிய கடைகளிலெல்லாம் சந்தேகப்பட்டு, சரக்கே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இது கடைசிக் கடை. மாலை விமானத்தில் அவர் வெறுங்கையோடு போனால் விசாரணையைக் கைவிட வேண்டியதுதான்.

"நன்னாக் கெஞ்சு. தேவை எவ்வளவு அவசரமோ அவ்வளவு தலையில் கட்டுவான். என் புஸ்தகத்திலேயே இருக்கு."

"எட்டாவது அத்தியாயம், சார்."

கடைக்காரர் துளசிங்கம் பனியனை உயர்த்திவிட்டு வயிற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"பால் மாவா? ஒரு டின்னுக்கு ரெண்டு சோப்பு சார். வோணும்னா எடு, இல்லாங்காட்டி வுட்டுடு. ஏஜென்ட்டு என் தலையில கட்றான், நான் உன் தலையில கட்றேன். பேஜார் பண்ணாத."

வந்த வேலை முடிந்தது. பில் போடுங்கள் என்று சொன்னால் போதும்.

துளசிங்கம் டின்னை இறக்கிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டார்.

"இன்னா சார், அம்மாவுக்குப் பால் பத்தலியா?"

கெஞ்சச் சொன்னது தயாளனுக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா இல்லீங்க. பிரசவத்திலேயே போயிட்டாங்க."

விசிறி நின்றது.

"கொழந்த?"

"இருக்கு. பொண்ணு."

"பேரு இன்னா சார்?"

இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

"சாராள்," என்றான்.

துளசிங்கம் எடுத்து வைத்த சோப்புகளைத் திரும்ப அலமாரியில் போட்டார். டின்னை மட்டும் செய்தித்தாளில் சுற்றினார்.

"சோப்பையும் குடுங்க," என்றான் தயாளன்.

"வோணாம் சார்."

"பரவாயில்லீங்க. பில்லில சேர்த்துப் போடுங்க. எனக்கு சோப்பு வேணும்."

"சும்மா இரு சார். தாயில்லாப் புள்ள வவுத்துல கை வெச்சா நான் வெளங்குவனா?"

தயாளன் கெஞ்சினான். சொல்லிக்கொடுத்தபடியே, நன்றாகவே கெஞ்சினான். சோப்புக்காக.

துளசிங்கம் அசையவில்லை.

"வெந்நீய நல்லா ஆறவெச்சுக் கலக்கு சார். அடுத்த மாசமும் வா. சாராளுக்குன்னு தனியா எடுத்து வெக்கறேன்."

காரில், கஸ்தூரிரங்கன் பில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சோப்பு எங்கேய்யா?"

தயாளன் நடந்ததைச் சொன்னான். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தாயார் செத்துப்போயிட்டான்னு சொன்னா எவன்யா சோப்பு விப்பான்? குத்துக்கல்லாட்டம் இருக்கிறவளை வாய் கூசாமச் சாகடிச்சிட்டு வந்திருக்கியே! ஹில்டா காதில விழுந்தா உனக்குச் சோறு போடுவாளா? ஒரு பொய்யாலே கேஸே போச்சு போ."

"ஆமாம் சார்."

கார் ராஜகீழ்ப்பாக்கம் வந்தது. தயாளன் தன் வீட்டு முனையில் காரை நிறுத்தச் சொன்னபோது அவர் கோபம் தணிந்திருந்தது.

"நேரமாச்சு. இல்லேன்னா குழந்தையைப் பார்த்துட்டுப் போவேன். இந்த டின்னை நீயே வெச்சுக்கோ, ஆகும். தில்லித் தாத்தா கேட்டதாச் சொல்லு."

"சொல்றேன் சார்."

கார் திரும்பி மறையும்வரை தயாளன் தெருவிலேயே நின்றான்.

பிறகு வீட்டுப் படியேறி, டின்னைக் கீழே வைத்துவிட்டு, பூட்டைத் திறந்தான்.

அலமாரியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஹில்டா வாங்கி வைத்த டின், பிரிக்கத் தேவையே வராமல், அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இதையும் வைத்தான்.

முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனான். அந்த டின்னோடு அவள் தலையில் கட்டி அனுப்பிய சாம்பல் நிறச் சோப்பு, நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது.