நகராத மரம்

"ஒரு நிமிஷம் இருந்திட்டு வாறன்" என்று சொல்லிப் பாதையோர மர வாங்கில் உட்கார்ந்த சுரேன், பிறகு எழும்பவே இல்லை.

மடியில் சாம்பல் சாடி. சாடிக்குள் அவன் மனைவி சிஹோ.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்துக்கு வெளியே, மரத்தடிகளில் சாம்பலை அடக்கம் செய்கிற காடு அது. காட்டைப் பராமரிக்கிற எவ்லின், உள்ளே ஓர் ஓக் மரத்தடியில் குழி வெட்டிவைத்துவிட்டு மழையில் காத்து நின்றாள். அடுத்த குடும்பம் வரும் நேரமாகிவிட்டது. இன்று முடியாவிட்டால் சாடி தகனசாலைக்கே திரும்பிப் போய்விடும். அதை வீட்டில் வைத்துக்கொள்ள இந்த நாட்டுச் சட்டம் விடாது.

அதெல்லாம் சுரேனுக்குத் தெரியும். கால்தான் சொல்வழி கேட்கவில்லை.

சுரேனோடு வேலை செய்கிற ஜூலியன் கையைக் கொடுத்துப் பார்த்தான். எவ்லின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ம்ஹூம். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தான்.

சிஹோ இருந்திருந்தால் சிரித்திருப்பாள். ஜப்பானில் பிறந்து, கலியாணத்துக்குப் பிறகு சுரேனின் அக்காவிடம் யாழ்ப்பாணத் தமிழ் பழகியவள். "இவர் இருந்தால் எழும்பமாட்டார், ஆராவது இழுக்க வேணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து இழுப்பாள்.

இனி யார் இழுப்பது?

சந்திரா அக்கா கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார். "எழும்பு ராசா. பிள்ளை பாத்துக்கொண்டிருக்குது."

கெல்சென்கிர்ச்சனிலிருந்து விடிய முன்னமே புறப்பட்டு வந்த மனுசி, காரை விட்டு இறங்கமாட்டார். சுடலைக்குப் பெண்களும் பிள்ளைகளும் போவதில்லை; ஜெர்மன் காடென்றாலும் சுடலை சுடலைதான். அது அக்காவின் கட்சி. சுரேனின் ஆறு வயது மகள் நிருஷாவையும் பின் இருக்கையில் பெல்ட் போட்டு இருத்திவைத்திருந்தார். சுரேனுக்கும் அது சரியென்றே பட்டது. தாயைக் குழிக்குள் வைப்பதைப் பிள்ளை ஏன் பார்க்க வேண்டும்?

ஏற்கெனவே அந்தப் பிள்ளை கேட்டது போதாதா!

ஆஸ்பத்திரியில் பின்னேரங்களில் சிஹோ மகளுக்கு ஒரே கதையைத்தான் சொன்னாள். தன் ஊர்க் கதை. ஆற்றங்கரையில் நின்ற வில்லோ மரம் ஒன்றின்மேல் ஒருவனுக்கு உயிர். ஒருநாள் அந்த மரத்தடியில் ஒரு பெண்ணைக் கண்டு கலியாணம் செய்கிறான். பிள்ளையும் பிறக்கிறது. அவள்தான் அந்த மரம் என்பது அவனுக்குத் தெரியாது. பிறகு அரசன் கோயில் கட்ட அந்த மரத்தை வெட்டச் சொல்கிறான். அங்கே கோடரி விழ விழ, வீட்டில் இவள் துடிக்கிறாள்.

அந்த இடம் வந்ததும் சுரேன் கோப்பி எடுக்கவென்று எழுந்து போய்விடுவான். அப்போது மட்டும் கால் நன்றாக வேலை செய்தது.

சாகக் கிடக்கிறவள் பிள்ளைக்குச் சொல்கிற கதையா இது? ஒருநாள் வாய்விட்டே கேட்டும்விட்டான். முழுதாகக் கேட்டுவிட்டுக் கோபியுங்கள் என்று சிஹோ சிரித்தாள். அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கதை முடியுமுன்னரே வெளியே போனான்.

கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஐயோ, நிருஷா!" என்று அக்கா கத்தினார்.

நிருஷா மஞ்சள் மழைச்சட்டையோடு சேற்றில் ஓடி வந்தாள். அழவில்லை. அப்பாவின் கழுத்திலிருந்து தொங்கிய சால்வையின் நுனியைப் பிடித்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். இழுத்தாள்.

சுரேன் எழுந்தான்.

பிள்ளை முன்னே, சாடியோடு அவன் பின்னே. எவ்லின் விலகி வழிவிட்டாள். சற்றுப் பின்னால் சந்திரா அக்கா, செருப்பைக் கையில் பிடித்தபடி, காட்டுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"வெட்டின மரத்தைக் கோயிலுக்கு இழுக்க ஏலாமல் போச்சுதாம் அப்பா" என்று திரும்பிப் பார்க்காமலே நிருஷா சொன்னாள். "எத்தினை மாடு, எத்தினை ஆக்கள்! அசையவே இல்லையாம். பிறகு அந்தப் பிள்ளை வந்து கயித்தைப் பிடிச்சு இழுத்ததாம். உடன வந்திட்டுதாம்."

கதையின் முடிவு இதுதானா? சுரேன் சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அப்ப, அம்மாவை நீங்களோ குஞ்சு கூட்டிக்கொண்டு போறியள்?"

நிருஷா நின்று திரும்பினாள். இந்த மனிதருக்கு எதையும் விளங்கப்படுத்தித்தான் ஆகவேண்டும் என்கிற முகம். தாயின் முகம் அப்படியே.

"அம்மா இல்லை அப்பா, மரம் நீங்களாம். அம்மாவைக் கொண்டுபோற அண்டைக்கு அப்பா அசையமாட்டார், நீதான் வந்து இழுக்க வேணும் எண்டு அம்மா சொன்னவ."

சொல்லிவிட்டு மறுபடி இழுத்தாள்.

சுரேனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அவளுக்குப் பின்னால் போனான்.