வலது புருவம்

வந்தவளின் வலது புருவத்தில் அந்த வெட்டு இருந்தது. படத்தில் இருக்கும் அதே இடத்தில், ஒரு அரிசி நீளத்துக்கு முடி முளைக்காத கோடு.

"உள்ள வாங்க" என்று வாய் சொல்லிவிட்டதே தவிர, தங்கையின் மனம் கொஞ்சமும் இளகவில்லை. 'நான்தான் உன் அக்கா' என்று சொல்லி இதற்கு முன்னால் இரண்டு பேர் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்திக்குப் புருவம் முழுசாக இருந்தது. இன்னொருத்தி தங்கையைவிடச் சின்னவள்!

அக்கா தொலைந்தபோது அக்காவுக்கு ஆறு வயது, தங்கைக்கு ஒன்றரை. இப்போது இழுத்து மூடிக் கிடக்கிற பழைய கேளிக்கைப் பூங்காவில், யானை ராட்டினத்துக்குப் பக்கத்தில், அம்மா கையை விட்ட ஒரு நிமிடத்தில் அது நடந்தது. முப்பத்துமூன்று வருடம் ஓடிவிட்டது.

வீட்டில் இருந்த படங்களையெல்லாம் பிறகு வந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது. "புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். மாடி அவளுக்குத்தான், பூட்டியே வை" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தப் புருவம் என்று கேட்டு வைத்துக்கொள்ள யாருக்குத் தோன்றும்?

தங்கை கல்யாண ஆல்பங்களில் முகங்களைப் பளபளப்பாக்கிப் பிழைப்பவள். பூங்காவின் பழைய போட்டோக்காரர் பரணில் கிடந்த நெகட்டிவ் பெட்டியைக் கொடுத்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நெகட்டிவ் என்ற சாமானை அவள் கையால் தொட்டதே அப்போதுதான். ஸ்கேன் செய்து, பூஞ்சையும் கீறலும் நீக்கி, தினம் ஒரு படமாக இணையத்தில் போட்டு வந்தாள்.

ஒருநாள் நீலக் கவுன் போட்ட ஒரு சிறுமியின் புருவத்தில் இருந்த கீறலை அழிக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். அதே பிலிம் துண்டில் அடுத்த படத்திலும் அந்தக் கீறல் இருந்தது. பக்கத்தில் அப்பா, அம்மா, அம்மாவின் இடுப்பில் தான்! தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, மாடிக் கதை உட்பட எல்லாவற்றையும் எழுதிப் படத்தைப் போட்டாள்.

"ஊருக்கே தம்பட்டம் அடிச்சிட்டு, வர்றவங்களை இப்படி முறைச்சா எப்படி?" கணவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காதோரம் கிசுகிசுத்தார். "நிஜ அக்காவே வந்து நின்னாலும் ஆதாரம் கேப்ப போல."

"கேப்பேன்" என்றவள் வந்தவள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு என்னென்ன ஞாபகம் இருக்கு?"

"நீலக் கவுன். யானை ராட்டினம். நீ அம்மா இடுப்புல இருந்த."

"அதெல்லாம்தான் படத்துலயே இருக்கே. வேற?"

வந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா எல்லாரோட டிக்கெட்டையும் சட்டைப் பையில வெச்சிருந்தாரு. இதோ, இந்தப் பக்கம்." வலது மார்பைத் தொட்டுக் காட்டினாள். "நான்தான் வெச்சுக்குவேன்னு ஒரே அழுகை."

தங்கை ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்தாள். பெரிதாக்கி மாட்டிய படத்தில் அப்பாவின் வலது பக்கப் பையிலிருந்து டிக்கெட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. இவள் உட்கார்ந்திருந்ததும் அந்தப் படத்துக்கு நேர் எதிரே.

"புருவத்துல வெட்டு எப்படி வந்துது?"

"பால் குடிக்கிற வயசுல பட்டது எனக்கு எப்படிம்மா தெரியும்? அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

கேட்டால் திருப்பிக் கேட்கிறாளே என்று தங்கைக்குச் சுருக்கென்றது. மேலே எதையோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வந்தவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா கடைசி வரைக்கும் என்னைத் தேடினாங்களா?"

அவ்வளவுதான், தங்கை உடைந்துபோனாள். அம்மா காதால் கேட்க ஏங்கிய கேள்வியல்லவா அது! இத்தனை நேரம் போலீஸ்காரி மாதிரி குடைந்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து மாடிச் சாவியை எடுத்தாள்.

போன் அடித்தது. பழைய போட்டோக்காரர்.

"பாப்பா, கண் ஆபரேஷன் ஆகி இன்னிக்குத்தான் கட்டுப் பிரிச்சாங்க. மொத வேலையா உன் படத்தைப் பார்த்தேன். ஜோரா இருக்கு. ஆனா படகுக் குளம் தப்பான பக்கத்துல இருக்கே?"

"தப்பான பக்கமா?"

"குளம் ராட்டினத்துக்கு இடது கைப் பக்கம்மா. இருபது வருஷம் அங்கேயே நின்னு படம் எடுத்தவன், எனக்குத் தெரியாதா? நெகட்டிவைக் கவுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணியிருக்க. படமே இடம் வலமா மாறிக் கிடக்கு."

தங்கை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தைத் திருப்பினாள். ஒரே ஒரு தட்டுதான். குளம் இடது பக்கம் போனது. சிறுமியின் வெட்டு இடது புருவத்துக்குப் போனது.

முப்பத்துமூன்று வருடம் கழித்துக் கிடைத்த அக்கா, அரை மணி நேரத்தில் திரும்பவும் தொலைந்துவிட்டாள்.

"சாவி கிடைச்சுதா, தங்கச்சி?" வந்தவள் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

தங்கை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அந்தப் புருவம் மறுபடி முளைக்க எத்தனை நாளாகும்?"