ஸ்வீடனுக்கு எத்தனை மணி நேரம்?

“ஏனுங்க சார், மெட்ராஸ்ல இருந்து ஸ்வீடனுக்கு ப்ளேன்ல எத்தனை மணி நேரமுங்க?”

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் நிமிர்ந்தார். சர்ச் மாநாட்டுக்காக ஸ்வீடன் போய்வந்தவர். வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் ஸ்வீடன்தான். கடைக்கார ஆரோக்கியதாஸ்கூட இப்போதெல்லாம் அவரைக் கண்டால் கிளாஸ் கழுவப் போய்விடுகிறார். அப்படிப்பட்டவரைத் தேடி வந்து ஒருத்தி கேட்டால்? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

கேட்டவள் காளியாயி. வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். இதைக் கேட்பதற்கென்றே வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“உக்காரு அம்மிணி. ஏழாயிரம் கிலோமீட்டர்! மெட்ராஸ்ல ஏறுனா பம்பாய். அங்க மாறி ஜெர்மனி. அங்கயும் மாறோணும். காத்துக் கெடக்கறதையும் சேத்தா ஒரு நாள் ஆயிரும். ஆருக்காகக் கேக்கறே?”

“எம் பொண்ணுக்காகத்தானுங்க.”

“பலே! நர்சு வேலையா?”

காளியாயிக்கு அந்த ஒரு நாள்தான் மனசில் நின்றது. “ஒரு நாள் பூராவுமுங்களா?” என்றாள். முகம் வாடிவிட்டது. “நடுவுல பசிச்சா என்னங்க பண்றது?”

“அதெல்லாம் வேளாவேளைக்குத் தட்டுல வந்துரும். ரொட்டி, வெண்ணெய், கோழி... எனக்கே திங்க முடியலைன்னாப் பாத்துக்கயேன்.”

“குளிருமுங்களா?”

“கம்பளி குடுப்பாங்க. நல்லாப் போத்திட்டுத் தூங்கலாம்.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. வழியில் மகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கேட்க முடியாமல் ஏங்கிக் கிடந்தவள். ப்ளேனில் போன ஆள் ஒருவர்கூட இதுவரை அவள் கண்ணில் பட்டதில்லை.

“காது அடைக்குமுங்களா சார்? சேலத்துல இருந்து பஸ் மலை ஏறறப்ப நமக்கெல்லாம் அடைக்குதுங்களே.”

“நொம்ப அடைக்கும். ஏறறப்பவும் அடைக்கும், எறங்கறப்பவும் அடைக்கும். அதுக்குத்தான் மிட்டாய் குடுக்கறாங்க. சப்பிட்டே இருந்தாச் சரியாப் போயிரும். மறக்காம உம் பொண்ணுகிட்டச் சொல்லி அனுப்பு.”

காளியாயியின் கண் நிறைந்துவிட்டது.

வாத்தியார் பதறிப்போனார். “அட, இதுக்குப் போயி எதுக்கு அழுவறே? புள்ளை என்னிக்குக் கெளம்பறா?”

“தாலி ஏறாமப் பெத்ததுன்னு ஊட்ல வெச்சுக்க விடலீங்க. ஸ்வீடன்காரங்க தத்தெடுத்துக் கொண்டுபோயி பதினாறு வருசம் ஆச்சுங்க சார்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மலை வளைவுல காது அடைச்சுக் கொழந்தை கத்துச்சுன்னா, பஸ்லயே மார்ல போட்டுக்குவமுங்க. நாப்பது நாள் கொழந்தைக்கு, அத்தனை ஒசரத்துல, ஆருங்க பால் குடுத்திருப்பாங்க?”