பிறந்த வீட்டுக் கோடி

விமான நிலையப் பலகையில் எண் மறுபடியும் மாறியது.

பெரியவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எண் தெரியும். முதலில் 9.40 என்று இருந்தது. பிறகு 11.00. இப்போது 12.30.

பையை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

காலையில் கவுன்டரில் அந்தப் பையையும் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கண்ணுக்கு மறைவாகப் போகிற பை திரும்பி வரும் என்று எவன் கண்டான்?

பைக்குள் ஒரு சேலை. அரக்கு நிறம். ஓரத்தில் சரிகை.

டில்லியில் மகன் வீட்டில் பத்து நாள் இருந்து ஊர் பார்த்துவர அவர் ஊரிலிருந்து கிளம்பியபோது அக்கா பேச்சியம்மா சொல்லி அனுப்பியது. "தாஜ்மகாலெல்லாம் நீயே பாத்துக்கடா. எனக்கு ஒரு சீல வாங்கிட்டு வா. சாயம் போறதா எடுத்துட்டு வந்துராத, மூஞ்சியில விட்டெறிவேன்."

மூன்று கடை ஏறி இறங்கி, ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து வாங்கியது.

அக்கா இன்று விடிகாலையில் செத்துப்போனாள்.

மகன் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே வந்து உட்கார்ந்தபோது போன் வந்தது. அக்கா மகன் இருளப்பன்.

"மாமா, அம்மா போயிருச்சு."

அவர் அழவில்லை. மணி பார்த்தார். ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கு மதுரை. இரண்டரைக்கு வீடு.

"பிளேனு கிளேனு லேட்டாச்சுன்னா, உங்க பேரச் சொல்லி நாங்களே ஒரு கோடி எடுத்து..."

"செத்தவளையும் ஏமாத்துவீங்களாடா? பொறந்த வீட்டுக் கோடிய நான்தான் போடணும். நான் வராம அவளத் தூக்கக் கூடாது."

அவர்தான் சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை.

பிறந்த வீட்டில் மிச்சம் அவர் ஒருவர்தான். பைக்குள் இருக்கும் சேலைதான் இனி கோடி. அது மேலே விழாமல் அவளைத் தூக்க மாட்டார்கள். அவர் வார்த்தையை மீறி அங்கே எவனும் பேச மாட்டான்.

கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. விமானம் அங்கேதான் நின்றது. வால் மட்டும் தெரிந்தது.

பஸ்ஸாக இருந்தால் இறங்கிப் போய் டிரைவர் சட்டையைப் பிடிக்கலாம்.

"பனியாம் பெரியவரே" என்றார் பக்கத்தில் இருந்தவர். மதுரையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். "கண்ணு தெரியலையாம்."

"எங்க ஊர்லயுந்தான் பனி பெய்யுது. பஸ் ஓடலையா?"

"பஸ் தரையில ஓடுது பெரியவரே."

அவர் நம்பவில்லை. ஆள் சேரவில்லை, அதுதான் விஷயம். இன்னும் பத்து டிக்கெட் விற்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறான். மினிபஸ்காரன் புத்திதான் எல்லாருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு இருளப்பன் மறுபடி கூப்பிட்டான்.

"ஏறிட்டீகளா மாமா?"

"இல்ல."

"சுத்துப்பட்டுச் சனமெல்லாம் வந்தாச்சு. அப்பா பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காரு."

"அவள எங்க வச்சிருக்க?"

"ஐஸ் பெட்டியில மாமா."

போனை அணைத்தார்.

சித்திரை வெயிலில்கூட அவள் ஃபேன் போட விட மாட்டாள். மார்கழி பிறந்தால் காதைச் சுற்றித் துண்டு.

பன்னிரண்டரை ஆனது. பலகையில் எண் மாறியது.

3.00.

விரல் விட்டு எண்ணினார். மூன்றுக்கு ஏறினால் ஆறைத் தாண்டும். வீடு போய்ச் சேர எட்டு. பொழுதடைந்த பிறகு எடுக்க மாட்டார்கள்.

அதுவும் மூன்று மணி என்பது நிஜமாக இருந்தால். காலையிலிருந்து ஒரு எண்ணாவது நிஜமாக இருந்ததா?

அவரே கூப்பிட்டார். விவரத்தைச் சொன்னார்.

அந்தப் பக்கம் கொட்டுச் சத்தம். இருளப்பன் சத்தம் இல்லாத இடத்துக்கு நடந்து போவது கேட்டது.

"பரவால்ல மாமா. நாளைக்குக் காலையில எடுத்துக்குவோம். நீங்க சொன்ன சொல்லு சொன்னதுதான். ராத்திரிக்குப் பெட்டியிலயே இருக்கட்டும்."

பையின் பூட்டை விரலால் தடவினார்.

ராத்திரி முழுக்க.

"எடுத்துருங்கடா."

"மாமா?"

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருங்க."

"கோடி?"

"வாங்கிப் போடு."



"உங்க பேரச் சொல்லியா மாமா?"

பை மேலிருந்த கையை எடுத்தார்.

"ம்."

போனை வைத்தார்.

வெளியே வெள்ளை கொஞ்சம் விலகியிருந்தது. விமானத்தின் மூக்கு தெரிய ஆரம்பித்தது.

பூட்டைத் திறந்தார். சேலையை எடுத்தார். கடைக்காரன் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. வாங்கியதிலிருந்து அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கோடி என்றால் மடிப்புக் கலையக் கூடாது. அப்போது அப்படி நினைத்து வைக்கவில்லை. அவள் கையால் பிரிக்கட்டும் என்றுதான் வைத்தார்.

மடிப்பை உதறினார்.

காலிலிருந்து நெஞ்சுவரை போர்த்திக்கொண்டார்.

எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரக்கடைக்காரர் பதறி எழுந்தார்.

"பெரியவரே, என்ன இது? உசுரோட இருக்கவுக இதப் போத்தலாமா? எடுங்க. மொதல்ல எடுங்க."

அவர் எடுக்கவில்லை. சரிகை ஓரத்தைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"குளிரு தாங்க மாட்டா" என்றார்.