ரேஷ்மி வரும்வரை

"அந்த போனைக் கழட்டுங்க மாமா. இதுல ஒண்ணுதான் ஓடும்."

சுயம்புராஜின் முகம் சுருங்கியது. "நாலு பேருக்குப் போன் போட வேண்டியிருக்கு மக்கா. ஒரு போனுக்கு சார்ஜ் போட்டா என்ன கொறஞ்சிரப் போவுது?"

"கொறையும்."

ஜிஷா தானே பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் அவளுடைய பிசிக்ஸ் வாத்தியார் தேவகுமார் சாரின் மைத்துனர், பெரிய மனுஷர். வேறு நாளாயிருந்தால் பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

புயல் மழையில் நாகர்கோவில் பக்கம் பாதிக் கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டர் எதுவும் ஊரில் சும்மா இல்லை. சார் வீட்டு உள்ளறையில் மட்டும் வாடகை மெஷின் ஓடியது என்றால், அது ஜிஷாவும் கூடப் படிக்கும் வினோஜும் செய்த புராஜெக்டின் புண்ணியம். மொட்டை மாடியில் சோலார் தகடுகள், வராந்தாவில் பேட்டரியும் இன்வெர்ட்டரும். பள்ளி லேபிலிருந்து எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார்கள்.

லேபில் இரண்டு முறை பாதியில் நின்று மானத்தை வாங்கிய புராஜெக்ட் அது. சார் திட்டவும் மாட்டார், கை வைத்துச் சரிசெய்யவும் மாட்டார். "நான் இல்லன்னு வச்சுக்க. என்ன செய்வே?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவளுக்கு எரிச்சலாக வரும்.

இப்போதும் சார் உள்ளறையில்தான் இருந்தார். அவள் போய் எதையும் கேட்கவில்லை.

துபாயில் இன்ஜினீயராக இருக்கும் சாரின் மகள் ரேஷ்மி, திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து பார்க்கும்வரை மெஷின் நிற்கக் கூடாது.

"ஓடுமா மக்கா?" என்று கேட்டாள் சாரின் மனைவி பகவதி. பக்கத்து வீட்டிலிருந்து வந்த, பால் விடாத கட்டன் காப்பி அவள் முன்னால் ஆறிக் கிடந்தது.

"ஓடும்மா."

சொல்லி வாய் மூடவில்லை, இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. பேட்டரி இறங்குகிறது. மாடியிலிருந்து வினோஜ் குரல் கொடுத்தான்.

"ஏட்டி, மேகம் விலகல. கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வைப்பமா?"

நிறுத்தினால் பேட்டரி மிச்சம்தான். ஆனால் மறுபடி கிளம்பும்போது மெஷின் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும். லேபில் இரண்டு முறையும் காலை வாரியது அங்கேதான்.

"வேண்டாம்ல. தகட்டை மேக்கால சாச்சு வையி. தண்ணியத் துடை."

"நின்னுட்டுதுன்னா?"

"நின்னா சார் முகத்துல எப்படி முழிக்க? துடைல."

அவன் சட்டையைக் கழற்றித் துடைத்தான். கீச்சொலி விடாமல் கேட்டது. ஜிஷா பேட்டரியின் மேல் கை வைத்தபடி, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள்.

மேற்கே மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கீச்சொலி அடங்கியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் கார் வந்து நின்றது. ரேஷ்மி பையைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடினாள். காலையிலிருந்து பேட்டரியை விட்டு அசையாத ஜிஷா எழுந்து அவள் பின்னால் போனாள்.

"அப்பா, நான் வந்துட்டேன்" என்று ரேஷ்மி கண்ணாடி மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரீசர் பெட்டிக்குள், மாலையும் கழுத்துமாக, முகம் மாறாமல், சார் மகளுக்காகக் காத்துக் கிடந்தார்.