அலமாரியில் வைத்த சிலிண்டர்

அக்ஷராவின் ரேஸ் பைக் ஓட்டத்திலேயே இருமுறை ஜாமாகி அவளைக் கீழே தள்ளியிருந்தது. அருள்புரம் மெக்கானிக் ஜெபக்குமார் எஞ்சினைப் பிரித்தார். தனியாக வாங்கிப் போட்ட பெரிய சிலிண்டரில் உட்பூச்சு ஒரு பக்கம் உரிந்திருந்தது. அதைக் கழற்றி, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். வேறொன்றைப் பொருத்தினார்.

"புது சிலிண்டர். மெதுவா ஓட்டிப் பாரும்மா."

பொங்கலூர் போய் நிறுத்திவிட்டு அக்ஷரா போன் செய்தாள்.

"சூப்பருங்கண்ணா. இவ்வளவு தூரம் வந்தும் எஞ்சின் சூடே ஆகலீங்க. கை வச்சுப் பாத்தேன், ஜில்லுனு இருக்குதுங்க."

காற்றில் ஆறும் எஞ்சின்தான். ஆனாலும் ஓடி நின்றதும் கை வைக்க முடியாது.

ஜெபக்குமாருக்குக் கருகல் வாசம் அடித்தது. திரும்பினார். அலமாரியில் பனியன் வேஸ்ட் பழுப்பேறிக்கொண்டிருந்தது.

"முறுக்கறனுங்க, சத்தத்தைக் கேளுங்கண்ணா."

போனில் எஞ்சின் உறுமியது. அலமாரியில் துணி தீப்பிடித்தது.