அச்சடித்த ஜெபம்

கப்பலேறிய நாற்பதாம் நாள் டேமரிஸின் கைக்குழந்தை இறந்தது. பாய்த்துணியில் சுற்றிக் கடலில் இறக்கியபோது போதகர் வாய் திறக்கவில்லை. அவர்கள் சபையில் இறந்தவர்களுக்கு ஜெபம் கிடையாது. எல்லாச் சபைகளும் படிக்க வேண்டுமென்று அரசன் அச்சடித்துக் கொடுத்த ஜெபங்களைப் படிக்க மறுத்துத்தான் அவள் கணவன் ஐசக் சிறைக்குப் போனான். அதனால்தான் இந்தக் கடல் பயணமே.

“நாயைப் புதைச்சாக்கூட ரெண்டு வார்த்தை சொல்லுவாங்களேம்மா” என்ற கிழட்டு மாலுமி, தொப்பியைக் கழற்றிவிட்டு, அரசன் அச்சடித்த அந்த அடக்க ஜெபத்தையே மனப்பாடமாக முணுமுணுத்தான். அவள் தன் தாயின் அடக்கத்தில் கேட்டது அது. அவன் முடித்ததும் டேமரிஸ் தன்னையறியாமல் “ஆமென்” என்றாள்.

போதகர் ஐசக்கைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

ஐசக் மாலுமியின் பக்கம் திரும்பினான். “பிள்ளை பேரை விட்டுட்டீங்களே, ஐயா” என்றான்.